தலைவர் ஓட்டினால் மட்டும் ஒழுகும் கார்

காருக்கு அடியில் படுத்திருந்த தம்பியின் நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

"அக்கா, சாட்சி வாயைத் திறந்துடுச்சு," என்றான் அங்கிருந்தே.

"என்ன சொல்லுது?"

"என் மூஞ்சி பிடிக்கலையாம். எங்கேயிருந்து வர்றேன்னு கேட்டா மட்டும் பதில் இல்ல. ரொம்ப அழுத்தமான சாட்சி."

அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காரின் மூக்கு அவளுக்கு நேராகப் பளபளத்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு ஓடிப்போன கணவர்கள் வந்திருக்கிறார்கள், காணாமல் போன நாய்கள் வந்திருக்கின்றன, ஒரு தடவை இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தன. எண்ணெய் வந்தது இதுதான் முதல் முறை. தம்பி நாற்பது வயதைத் தாண்டியவன். அக்காவிடம் சேருவதற்கு முன்னால் பழைய கார் விற்றவன். ஒழுகும் காரை ஒழுகாத கார் என்று விற்கத் தெரியும், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாது என்பதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கொட்டகை வாசலில் கார்க்காரரின் தங்கை நின்றுகொண்டிருந்தாள். வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். முந்தின நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் சொன்னது இவ்வளவு: அவளுடைய அண்ணன் பழைய கார் பிரியர்கள் கிளப்புக்குத் தலைவர். கிளப்பில் ஆரம்பித்த பட்டம் வீட்டுக்குள்ளும் வந்து, இப்போது கட்டின மனைவியே 'தலைவரே' என்றுதான் கூப்பிடுகிறாள். தங்கையின் கணவன் மெக்கானிக். அண்ணனின் பட்டறையையும் இந்தக் காரையும் பார்த்துக்கொள்கிறான். இருப்பது அண்ணன் வீட்டு மாடியில். சில மாதங்களாகக் கார் எண்ணெய் ஒழுகுகிறது. அதுவும் தலைவர் ஓட்டிவிட்டு வந்தால் மட்டும். மெக்கானிக் ஓட்டினால் ஒரு சொட்டுக் கிடையாது. போன வாரம் கிளப்பின் மலைப்பயணத்தில், சுடச்சுட இருந்த புகைக்குழாய் மேல் எண்ணெய் சொட்டி, எல்லாருக்கும் முன்னால் கார் புகைந்துவிட்டது. மாப்பிள்ளை வேண்டுமென்றே எதையோ தளர்த்திவிடுகிறான், என்னை உயிரோடு எரிக்கப் பார்க்கிறான் என்று தலைவர் முடிவுகட்டிவிட்டார்.

இன்று சாயங்காலம் கிளப் ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் மெக்கானிக்கை நிற்கவைத்துச் சொல்லப் போகிறாராம். வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் அவன் கையில் யாரும் ஒரு ஸ்பேனரைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"புருஷன் பக்கமா, அண்ணன் பக்கமான்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணிக்கோன்னு சொல்லிட்டாரு மேடம்," என்றிருந்தாள் தங்கை. "எனக்குப் பக்கமே வேண்டாம். எங்க ஒழுகுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

யார் என்று அவள் கேட்கவில்லை. எங்கே என்று மட்டும்தான் கேட்டாள். யாரென்று கேட்டுவிட்டு, பதில் கிடைத்ததும் அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாமல் அலுவலக நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்ட பெண்களை அக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். இவள் புத்திசாலி என்று அப்போதே தோன்றியது.

தலைவர் கொட்டகைக்குள் நுழைந்தார். கையில் வெள்ளைப் பருத்தி உறை. காரைத் தொடுவதற்கு மட்டும் போட்டுக்கொள்வாராம். பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற அப்பாவின் குரலில் ஆரம்பித்தார்.

"இந்த இன்ஜின்ல இருக்கிற ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும் மேடம். ஒவ்வொண்ணும் என் குழந்தை."

"அதான் தலைவரே, இத்தனை குழந்தைக்கும் மூக்கு ஒழுகுது," என்றான் அடியிலிருந்து தம்பி.

தலைவர் காதில் வாங்கவில்லை. இதுதான் சூப்பர்சார்ஜர் என்று இன்ஜின் உச்சியில் உட்கார்ந்திருந்த தடித்த உலோகப் பெட்டியைத் தட்டினார். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று பெல்ட்டில் சுழன்று மேலும் காற்றைத் திணிக்கும் சாதனம். இது குரோம் பூசிய போல்ட்டு, இது கையால் தேய்த்த மூடி, இது பெல்ட்டுக்கு மேல் போட்ட கண்ணாடிக் கவசம் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தவர், ஓரத்தில் ஒரு குழாய் நுனியில் மின்னிய உருண்டைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இது வேற யார்கிட்டயும் கிடையாது. கடல் தாண்டி வந்தது. எங்க வாங்கினேன்னு கிளப்புல அத்தனை பேரும் கேட்டாங்க. நான் சொல்லுவேனா?"

"என்ன வேலை செய்யும் அது?" என்றாள் அக்கா.

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அழகா இருக்கும்."

பிறகு குற்றப்பத்திரிகைக்கு வந்தார். இரண்டு சாட்சியம். ஒன்று, அவன் ஓட்டினால் ஒழுகுவதில்லை, இவர் ஓட்டினால் ஒழுகுகிறது. இரண்டு, ஒவ்வொரு தடவை இவர் ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போதும், எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி தன் குழாயிலிருந்து ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"சரியா அமுக்காம விடறான். வேணும்னே. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

மெக்கானிக் மூலையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா முக்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுவரைக்கும் என்னென்ன மாத்தினீங்க?"

"எண்ணெய் வெளியே வராம தடுக்கிற ஆயில் சீல் ஒண்ணு விடாம மாத்திட்டேன் மேடம். மேல் மூடி கேஸ்கட் மாத்தினேன். முன்னாடி, பின்னாடி எல்லாம் மாத்திட்டேன். மாத்திட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஒரு சொட்டு வராது. மச்சான் எடுத்துட்டுப் போயிட்டு வந்தா வழியும்."

"நீங்க எப்படி ஓட்டிப் பார்ப்பீங்க?"

அவன் மச்சானை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "பாதி."

"பாதி தூரமா?"

"பாதி மிதி."

"முழுசா மிதிக்கிறது நான் மட்டும்தான்," என்றார் தலைவர். "அது இந்த வீட்டுச் சட்டம். சூப்பர்சார்ஜர் கத்துற சத்தம் இருக்கே மேடம், அது என் கால்ல இருந்துதான் வரணும். கண்டவனும் மிதிக்கிறதுக்கா வெச்சிருக்கேன்?"

கார் அடியிலிருந்து தம்பியின் தலை மெல்ல வெளியே வந்தது. நெற்றியில் சொட்டு அப்படியே இருந்தது. அக்காவும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவனுக்கு, ஒழுகும்படி ஓட்டத் தடை. சட்டம் போட்டவருக்கோ, தன் காலுக்கும் மாப்பிள்ளையின் காலுக்கும் வித்தியாசம் இருப்பது சட்டத்திலேயே எழுதியிருப்பது தெரியவில்லை.

"தலைவரே," என்றாள் அக்கா, "இன்னைக்கு ஒரு நாள் கால் மாத்தி மிதிக்கலாம். முதல்ல நீங்க அவரோட பாதி மிதியில ஓட்டிட்டு வாங்க. அப்புறம் அவர் உங்க முழு மிதியில ஓட்டட்டும்."

"என்னது! அவனா?"

"அவர் சதி பண்றவர்னுதானே சொல்றீங்க? பக்கத்துல உட்காருங்க. கையும் களவுமா பிடிங்க."

கையும் களவுமாகப் பிடிப்பது என்ற எண்ணம் தலைவருக்கு இனித்தது. அது முகத்தில் தெரிந்தது. சந்தேகப்படுகிற மனிதர்கள் இதற்காக எதையும் கொடுப்பார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அவளும் அந்த ஜாதிதான். சின்ன வயதில் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் முகத்தை உற்றுப் பார்ப்பாளாம். 'இந்தப் பெண்ணுக்கு எல்லாத்துலயும் சந்தேகம், எவன் கட்டிக்குவான்' என்பார்கள். யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அவள் சந்தேகத்தையே தொழிலாகக் கட்டிக்கொண்டாள். இப்போது ஊரில் இருக்கிற கணவன்மார் எல்லாம் அவளைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள்.

மெக்கானிக் இன்ஜினைக் கழுவித் துடைத்துக் காயவைத்தான். தம்பி ஒரு முகப்பவுடர் டப்பாவை எடுத்து, இன்ஜின் மேல் பூராவும் தூவினான். எண்ணெய் எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கோடு விழும்.

"இவர் பொண்ணு பார்க்க வந்தப்போ நான் போட்டுக்கிட்டதைவிட ஜாஸ்தி," என்றாள் தங்கை. அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கை அது. மெக்கானிக் துடைக்கும் துணிக்குள் சிரித்தான்.

தலைவர் முதலில் போனார். பாதி மிதியில் ஊர்ந்து போய், பாதி மிதியில் ஊர்ந்து வந்தார். வரும்போது அவர் முகம், பிள்ளைகள் ஓட்டும் மூன்று சக்கரச் சைக்கிளில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. பானட்டைத் திறந்தார்கள். பவுடர் வெள்ளை வெளேரென்று போட்டபடியே இருந்தது.

"பாருங்க, தலைவர் ஓட்டியும் ஒழுகலை," என்றான் தம்பி. "தலைவருக்கு விடுதலை."

"இன்னைக்கு ரோடு சரியில்ல," என்றார் தலைவர்.

அடுத்து மெக்கானிக் உட்கார்ந்தான். தலைவர் பக்கத்து இருக்கையில் கதவைப் பிடித்துக்கொண்டார். கார் தெருமுனை திரும்பியதும் சத்தம் கேட்டது. முதலில் முனகல், பிறகு சீற்றம், பிறகு காற்றையே கிழிக்கிற ஒரு கூவல். கூவல் தூரத்தில் தேய்ந்து, மறுபடி வளர்ந்து, பெரிய சுற்று ஒன்று சுற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து வந்தது.

இறங்கியபோது மெக்கானிக்கின் முதுகு நிமிர்ந்திருந்தது. வருஷக்கணக்கில் அடுத்தவர் இலைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவனை முதல் தடவை உட்காரவைத்துப் போட்ட மாதிரி ஒரு முகம். தலைவர் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. காலை ஊன்றியதும் கத்தினார்.

"பார்த்தீங்களா! ஒழுகுது! அவன் ஓட்டினா ஒழுகுது!"

"அவர் ஓட்டினா ஒழுகாதுங்கறதுதானே காலையில நீங்க சொன்ன குற்றம்?" என்றாள் அக்கா.

தலைவர், விருந்தாளிகள் வரும் நேரம் ஆகிறது, சட்டை மாற்ற வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா குனிந்து பார்த்தாள். மேல் மூடியின் விளிம்பில் ஈரம். முன்பக்கச் சீலில் ஈரம். பின்னால், அடியில், எங்கெங்கோ பழுப்புக் கோடுகள் பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருந்தன. அளவு பார்க்கிற கம்பி ஒரு விரல் உயரத்துக்குத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு பேர் காருக்குள் இருந்தார்கள், மற்றவர்கள் வாசலில்தான் நின்றிருந்தார்கள்.

"ஒரு இடம்னா ஓட்டைன்னு சொல்லலாம்," என்றாள் மெதுவாக. "இத்தனை இடத்துல ஒரே நேரத்துல ஏன் வருது? உள்ளே இருந்து எதுவோ தள்ளுது. கம்பியையே தூக்குதுன்னா..."

"காத்து, மேடம்," என்றான் மெக்கானிக். இப்போது அவன் கையைத் துடைக்கவில்லை. "மெதுவா ஓட்டும்போது உள்ளே சேர்ற புகையை இன்ஜினே இழுத்துக்கும். முழுசா மிதிச்சா சூப்பர்சார்ஜர் காத்தை உள்ளே தள்ளும். அப்போ அந்த வழி தானா மூடிக்கும். அப்புறம் மூச்சு விட ஒரே ஒரு குழாய்தான்..."

"எது?"

அவன் விரல் நீண்டது. கடல் தாண்டி வந்த உருண்டைக்கு முன்னால் வந்து நின்றது. அப்படியே மடங்கிக்கொண்டது.

"அது மச்சான் மாட்டினது," என்றான்.

"அவர் சொன்னாரா?"

"ஒரு நாள் வந்து பார்த்தேன், இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அங்க ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். எப்பவும் எண்ணெய் ஊறிப் போயிருக்கும். உள்ளே சின்னதா துளை விட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். வெளிநாட்டு சாமானாச்சே."

"கேட்கலையா?"

"மச்சான்கிட்ட கேள்வி கேட்கிற வழக்கம் இங்க இல்ல மேடம்."

"நல்ல வழக்கம்," என்றான் தம்பி. "கேட்காம இருந்து எத்தனை சீல் மாத்தினீங்க?"

அக்கா உருண்டையைப் பிடித்துத் திருகினாள். பக்கவாட்டில் கடுகளவு ஒரு திருகு. அதைத் தளர்த்தியதும் 'புஸ்' என்று நீண்ட பெருமூச்சு ஒன்று குழாயிலிருந்து வந்தது. தங்கை திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உருண்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே துளையும் இல்லை, ஒன்றும் இல்லை. இறுக்கமாக இருப்பதற்காகச் சுற்றிய மஞ்சள் ரப்பர் துண்டு மட்டும் இருந்தது.

தம்பி அதை மோந்து பார்த்தான். "கடல் தாண்டி வந்த சாமானுக்குள்ள பாத்திரம் தேய்க்கிற கையுறை. சோப்பு வாசனைகூடப் போகலை."

அக்கா உருண்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "கை கழுவணும்," என்றாள். தங்கை உள்ளே வழி காட்டினாள்.

கை கழுவும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அறை. அதன் ஜன்னல் நேராகக் கொட்டகைக்குள் திறந்தது. அறையில் தலைவரின் மனைவி ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வீட்டில் இத்தனை ரகளை நடந்தும் அவள் வெளியே எட்டிப் பார்க்கவே இல்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜன்னலில் திரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. திரைக் கம்பியின் ஒரு நுனியில் பளபளவென்று ஒரு உருண்டை. இன்னொரு நுனியில் உருண்டை இல்லை. திரை நழுவாமல் இருக்க, அங்கே நூலைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

அக்கா கம்பியைப் பார்த்தாள். தலைவரின் மனைவி, அக்கா பார்ப்பதைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள். குரலில் பயம் இல்லை. காத்திருந்து சலித்த குரல்.

அக்கா கைக்குட்டையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள்.

"அவர் ஓட்டிட்டு வந்து நிறுத்தினா, இந்த அறை பூரா எண்ணெய்ப் புகை நாத்தம் வரும் மேடம். இங்கதான் எனக்குப் படுக்கை. சொல்லிப் பார்த்தேன். உன் மூக்குலதான் கோளாறுன்னாரு. நிஜமாவே மூக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு! டாக்டர் விளக்கடிச்சுப் பார்த்துட்டு மூக்கு நல்லா இருக்குன்னாரு. அப்போ மனசுலதான் கோளாறுன்னு இவரா முடிவு பண்ணிக்கிட்டாரு. கொஞ்ச நாள்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். காலையில எழுந்ததும் என் கையையே மோந்து பார்ப்பேன், நாத்தம் என்கிட்ட இருந்து வருதோன்னு."

அவள் சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"ஒரு நாள் அவர் வெளியூர் போயிருந்தாரு. பானட்டைத் திறந்து ஒவ்வொரு இடமா மோந்தேன். அந்தக் குழாய்கிட்ட வந்ததும் கண்ணு எரிஞ்சுது. அதோட தலையில இருந்ததைக் கழட்டிட்டு, திரைக் கம்பி மூடியைப் போட்டு அடைச்சேன். நாத்தம் நின்னுபோச்சு. என் மூக்கு சரியாத்தான் இருந்துச்சு மேடம்."

"அவர் கண்டுபிடிப்பாருன்னு பயம் வரலையா?"

"வந்துச்சு. ஒவ்வொரு திருகும் தெரியும்பாரே. மறுநாள் துணியோட வந்தாரு. எல்லாத்தையும் துடைச்சாரு. அதையும் துடைச்சாரு. அதுக்கு மறுநாளும். அப்புறம் ஒரு நாள் கிளப்புல போய், கடல் தாண்டி வந்ததுன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. மாப்பிள்ளை ஆசையா வாங்கி மாட்டியிருக்காருன்னு நினைச்சிருப்பாரு. நல்லா இருந்ததால தன்னுதாக்கிக்கிட்டாரு." அவள் சிரித்தாள். ரொம்ப நாள் மடித்து வைத்திருந்ததை எடுத்து உதறின மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. சட்டென்று நின்றது. "ஆனா எண்ணெய் ஒழுகினது இதனாலயா? சத்தியமா எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை மேல பழி வரும்னு தெரிஞ்சிருந்தா... நானே போய்ச் சொல்லிடறேன்."

அவள் கதவுப் பக்கம் நகர்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

இந்த வீட்டில் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அக்கா ஒரு கணத்தில் பார்த்துவிட்டாள். தலைவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால்கூடத் தேவலை. வந்திருக்கிற கிளப் ஆட்களைப் பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டுவார். 'நான் சொன்னேனே, இவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல' என்பார். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். அதன் பிறகு இந்தப் பெண்ணின் மூக்கு எதை மோந்து சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் உள்பட.

மறைக்கலாமா? உண்மையைக் கண்டுபிடித்து ஒப்படைப்பதுதான் தொழில். மெக்கானிக்கைக் காப்பாற்ற இன்னொரு ஆளைக் காட்டிக்கொடுப்பது அந்தத் தொழிலில் தினமும் நடப்பது. பிறகு தங்கை கேட்டது ஞாபகம் வந்தது. எங்கே என்று மட்டும்.

"சொல்ல வேண்டாம்," என்றாள். "சொன்னா உங்களுக்கு டாக்டரைத்தான் மாத்துவாரு."

"அப்போ மாப்பிள்ளை?"

"இதை யார் வாங்கினாங்கன்னு ஊருக்கே தெரியுமே. வாங்கினவரே சொல்லட்டும்."

சாயங்காலம் கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தது. கிளப் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாவிக்கொத்தைச் சுழற்றுகிறவர், இன்ஜினைப் பார்க்காமல் அதில் தெரியும் தன் முகத்தைப் பார்க்கிறவர், எல்லாவற்றுக்கும் 'என் காரில்' என்று ஆரம்பிக்கிறவர் என்று பலவிதம். தலைவர் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்து நின்றார். தங்கை சுவரோரமாக நின்றாள். மெக்கானிக்கைக் காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தது.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார் தலைவர். "மலையில நடந்ததை எல்லாரும் பார்த்தீங்க. நான் சாக இருந்தேன். அதுக்குக் காரணமான ஆள் இந்த வீட்லயே, என் சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு..."

"தலைவரே, ஒரு நிமிஷம்," என்று அக்கா எழுந்தாள். உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "அதைச் சொல்றதுக்கு முன்னாடி, இதைப் பத்தி இவங்களுக்குச் சொல்லுங்களேன்."

"அட, இதானே அது!" என்றார் 'என் காரில்' ஆசாமி. "எங்க வாங்கினாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல மேடம்."

தலைவரின் மார்பு தானாக விரிந்தது. "சொல்ற விஷயமா அது?"

"வரவழைச்சது நீங்கதானே?"

"நான்தான்."

"வேற யாரும் இல்லையே? மாப்பிள்ளை கிட்ட எதுவும்..."

"அவனுக்கு என்ன தெரியும்? நானே தேர்ந்தெடுத்து, நானே மாட்டினது."

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றான் தம்பி. "அப்புறம் காதுல விழலைன்னு சொல்லக் கூடாது."

அக்கா உருண்டையைச் சாவிக்கொத்துக்காரரிடம் கொடுத்தாள். அவர் கவிழ்த்துப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் வாங்கிப் பார்த்தார். அது கை மாறி மாறிப் போயிற்று.

"இதுல துளையே இல்லையே," என்றார் ஒருவர். "மூச்சுக்குழாயிலயா மாட்டியிருந்தீங்க?"

"முழுசா மிதிச்சா கேஸ் எங்கே போகும்?" என்றார் இன்னொருவர். "சீல் எல்லாத்தையும் பிதுக்கிட்டு எண்ணெயைத்தானே தள்ளும்? கம்பிகூடத் தூக்குமே!"

"தூக்குச்சு," என்றாள் அக்கா. "இதைக் கழட்டினதுக்கு அப்புறம், தலைவர் சட்டை மாத்தப் போன நேரத்துல, மாப்பிள்ளை இன்னொரு தடவை முழுசா மிதிச்சு ஓட்டிட்டு வந்தாரு. பானட்டைத் திறந்து பாருங்க. முதல்லயே துடைச்சுப் புதுசா பவுடர் போட்டிருந்தோம்."

திறந்தார்கள். வெள்ளையில் ஒரு கோடுகூட இல்லை.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. தன் முகத்தைப் பார்க்கிறவராக இருக்கலாம். சிரிப்பு நாற்காலி நாற்காலியாகத் தாவியது. தலைவர் இன்ஜினைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இது நான் வாங்கினது இல்லை என்று சொன்னால் மாப்பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடலாம். ஆனால் இத்தனை மாதமாகக் கிளப்பில் அளந்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அவருக்குள் இரண்டும் மோதிக்கொள்வதை அக்கா இரக்கமே இல்லாமல் ரசித்தாள். அதற்கு விடை அவளுக்கு முன்பே தெரியும்.

"அது... அங்க அனுப்பினவன் தப்பான அளவுல அனுப்பிட்டான்," என்றார் தலைவர்.

அக்கா பக்கத்தில் வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார். "மேடம், நிஜமா யார் மாட்டினது?"

"நீங்கதானே இப்போ சொன்னீங்க," என்றாள் அக்கா.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சபையைப் பார்த்தார். குரல் பெரிய மனிதர் குரலாகியிருந்தது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. மாப்பிள்ளை, உன்னை மன்னிச்சுட்டேன். நாளையிலிருந்து வழக்கம்போல வேலையைப் பாரு."

மெக்கானிக் தலையை நிமிர்த்தினான்.

"நான் என்ன செஞ்சேன் மச்சான், நீங்க மன்னிக்கிறதுக்கு?"

கொட்டகையில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். தலைவருக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சாட்சிக்கு வேண்டுமென்று அவரே கூப்பிட்டு உட்காரவைத்தவர்கள்.

கடைசியில் அவர் குனிந்து, திறந்திருந்த இன்ஜினைப் பார்த்து முணுமுணுத்தார்.

"தப்பு என் மேலதான்."

"காருகிட்ட சொல்றாரு அக்கா," என்று கிசுகிசுத்தான் தம்பி.

சுவரோரம் நின்றிருந்த தங்கை நடந்து வந்தாள். அண்ணன் பக்கமும் போகவில்லை, கணவன் பக்கமும் போகவில்லை. இருவருக்கும் நடுவில் வந்து, அண்ணனின் தோளை மெதுவாகத் தொட்டாள்.

"அண்ணா," என்றாள், "அவரு இந்தப் பக்கம் நிக்கிறாரு."

தலைவர் திரும்பினார்.